என்னவரின் குறட்டையும் சீனத்து வைத்தியமும்

போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னைச் சிரிக்கவும் வைத்தது, மனசை உறுத்தவும் செய்தது. கல்யாணமாகி மூன்றே வருஷமான ஒரு தங்கை எழுதியிருக்கிறாள்: "அக்கா, நீங்கள் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள். அங்கே சீனர்கள் குறட்டைக்கு ஏதோ மூலிகை வைத்திருக்கிறார்களாமே? என் வீட்டுக்காரர் விடுகிற குறட்டையில் கைக்குழந்தை கூட விழித்துக்கொள்கிறது. மருந்தின் பெயரை எழுதுங்கள். ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லி வாங்கிக்கொள்கிறேன்."

பெயரை மட்டும் எழுதி அனுப்ப என் கை வரவில்லை தங்கச்சி. ஏன் என்று சொல்கிறேன். இது என் வீட்டில் நடந்த கதை. சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்!

என் வீட்டுக்காரர் சாமான் வேன் ஓட்டுகிறார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் தீவு முழுக்கச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வருவார். உட்கார்ந்தே செய்கிற வேலை, கடையில் சாப்பாடு, ராத்திரி பத்து மணிக்கு மேல் ரொட்டி பரோட்டாவும் தே தாரேக்கும். ஐம்பது வயது நெருங்கும்போது உடம்பு போட்டுவிட்டது. சட்டைக் காலர் பட்டன் மாட்டவில்லை என்று நான் தையலைப் பிரித்துப் பட்டனைத் தள்ளித் தைத்துக் கொடுப்பேன். அந்தப் பட்டன் எனக்கு என்ன சொல்கிறது என்று அப்போது புரியவில்லை.

குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை இல்லை. மாவரைக்கிற மெஷின் போல ஆரம்பித்து, கூட்ஸ் வண்டி பாலத்தில் ஏறுகிற மாதிரி உச்சத்துக்குப் போகும். அடுக்குமாடி வீடு பாருங்கள், ஜன்னல் திறந்திருந்தால் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். "நானா? நானாவது குறட்டை விடுவதாவது!" என்று அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். மகள் ஒரு நாள் கைப்பேசியில் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். "இது பக்கத்து வீட்டு ஃபேன் சத்தம்" என்று சொல்லிவிட்டார்! கடைசியில் நான்தான் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன்.

எதிர் வீட்டில் ஒரு சீன ஆன்ட்டி இருக்கிறார்கள். கேன்டன் வழி வந்த குடும்பம். சீனப் புத்தாண்டுக்கு இரண்டிரண்டாக ஆரஞ்சுப் பழம் கொடுப்பார்கள். நான் தீபாவளிக்கு முறுக்கு கொடுப்பேன். அந்தப் பழத்தின் தோலை அவர்கள் எறிவதே இல்லை. காயவைத்து ஜாடியில் போட்டு வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். "சென்பி" என்று பெயர். நம் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் மாதிரி, பழசாக ஆக ஆக மதிப்பு. சீனாவில் குவாங்டோங் மாநிலத்துச் சின்ஹுய் என்ற ஊர்த் தோலுக்கு ரொம்பப் பெயராம். கபத்துக்கும் வயிற்று மந்தத்துக்கும் அது நல்லது என்று ஒரு நாள் ஆன்ட்டி ஒரு பிடி கொடுத்தார்கள்.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை! கடைத்தெருவில் யாரோ சொன்னதைக் கேட்டு, மருந்துக் கடைக்குப் போய், சென்பியோடு சேர்த்துப் போட அதிமதுரமும் வாங்கினேன். அதிமதுரம்தானே, நம் பாட்டி காலத்து இருமல் மருந்துதானே, இனிப்பாக இருந்தால் மனுஷன் முகம் சுளிக்காமல் குடிப்பார் என்று நினைத்தேன். கட்டை விரல் நீளத்துக்கு நாலைந்து துண்டு போட்டு, தினம் இரண்டு வேளை, மூன்று வாரம் காய்ச்சிக் கொடுத்தேன்.

குறட்டை குறையவில்லை. அவருடைய கணுக்கால் வீங்கியது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். பலதுறை மருந்தகத்தில் வழக்கமான சோதனைக்குப் போனபோது மேல் அளவு 168. மூன்று மாதம் முன்னால் 140-க்குள் இருந்தது. "மாத்திரையை விட்டுவிட்டீர்களா?" என்று நர்ஸ் கேட்டார். இல்லை. "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதிமதுரத்தை அதிக அளவில் தொடர்ந்து சாப்பிட்டால், அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியம் என்ற சத்தை வெளியேற்றிவிடும். ரத்தக் கொதிப்பு ஏறும். பிரஷர் உள்ளவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அது ஆபத்து. நம்மூர் அதிமதுரத்துக்கும் சீனர்கள் "கான்சாவோ" என்று சொல்லும் வேருக்கும் இந்தக் குணம் ஒன்றுதான். பாட்டி மருந்து, மூலிகை, அதனால் கெடுதல் இல்லை என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோமே, அந்த நம்பிக்கையில்தான் நான் சறுக்கினேன். நிறுத்தியபின் இரண்டு மூன்று வாரத்தில் வீக்கமும் வடிந்தது, அளவும் இறங்கியது. பிழைத்தேன்!

ஆன்ட்டியிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "சூப்பு வேற, மருந்து வேற! ஆளைப் பார்க்காமல் மருந்தா?" என்று திட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமையே எங்கள் இரண்டு பேரையும் ஒரு சின்சேயிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்சே என்றால் சீன வைத்தியர். சிங்கப்பூரில் இதற்கென்று 2000-ஆம் ஆண்டில் சட்டமே வந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்கள் மட்டும்தான் சீன வைத்தியம் பார்க்கலாம். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்ததை ஆன்ட்டி எனக்குக் காட்டினார்கள்.

அந்தப் பெரியவர் வைத்தியம் பார்த்த முறை எனக்கு நம்மூர் நாடி வைத்தியரைத்தான் நினைவுபடுத்தியது. இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு பருத்து, ஓரத்தில் பல் தடம் பதிந்து, மேலே வெள்ளையாகப் பிசுக்குப் படிந்திருந்தது. "ஈரமும் கபமும் தேங்கியிருக்கிறது. சாப்பிட்டதைப் பக்குவப்படுத்தும் சக்தி பலவீனமாக இருக்கிறது. ராத்திரியில் சாப்பிடுகிறார், குளிர்ந்ததைக் குடிக்கிறார், நடப்பதில்லை" என்று நேரில் பார்த்தது போலச் சொன்னார். என்னவர் முழித்தார்!

அப்புறம் என்னிடம் திரும்பிக் கேட்டார். ஆன்ட்டி மொழிபெயர்த்துச் சொன்னார்கள்:

"குறட்டை நடுவில் நிற்குமா?"

"நிற்கும் சின்சே. நல்ல காலமாக நடுநடுவே நின்று போகும். அப்போதுதான் நான் கொஞ்சம் கண் அசருவேன்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "நிற்பது குறட்டையா, மூச்சா? இன்றைக்கு ராத்திரி கூட உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்" என்றார்.

அன்று ராத்திரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். குறட்டை ஏறியது, ஏறியது, திடீரென்று நின்றது. வழக்கமாக "அப்பாடா" என்று நான் திரும்பிப் படுக்கிற நேரம். எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு... பத்து... மார்பும் வயிறும் மூச்சுக்குத் தவிப்பது போல அசைகிறது, ஆனால் மூக்கின் கீழே விரலை வைத்தால் காற்றே இல்லை. இருபது... இருபத்தைந்து... முப்பத்தொன்று எண்ணியபோது தண்ணீரில் மூழ்கியவர் மேலே வருவது போல ஒரு பெரிய திணறலோடு மூச்சு வந்தது. மறுபடி குறட்டை. ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது, மறுபடி மௌனம்.

சகோதரிகளே, எத்தனை வருஷமாக அந்த மௌனத்துக்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருப்பேன்! அவருக்கு மூச்சு நின்ற நேரத்திலெல்லாம் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். விடியும்வரை அழுதேன்.

காலையில் அவரிடம் சொன்னபோது வழக்கம்போல மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்தாம்மா, ஒண்ணு சொன்னா பயப்பட மாட்டியே?" என்றார். இரண்டு மாதம் முன்பு சிவப்பு விளக்கில் வேனை நிறுத்தியவர் அப்படியே தூங்கிப் போயிருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்து எழுப்பியிருக்கிறான். "நின்ன வண்டியிலதானே, ஓடுற வண்டியில இல்லையேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்" என்றார். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

திரும்பவும் சின்சேயிடம் போனோம். அவர் மருந்துச் சீட்டு எழுதவில்லை. "கபத்தை நான் குறைக்கலாம். மூடிக்கொள்கிற தொண்டையை ராத்திரி முழுக்க என் மருந்து பிடித்துக்கொண்டிருக்காது. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு இங்கே" என்றார். தன் வைத்தியத்தின் எல்லை தெரிந்த அந்த மனுஷனுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பலதுறை மருந்தகத்து டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரு ராத்திரி அங்கேயே படுக்க வைத்து, தலையில் ஒயர்கள், மார்பில் பட்டை, மூக்கில் குழாய், விரலில் கிளிப் எல்லாம் மாட்டித் தூக்கத்தைச் சோதித்தார்கள். மணிக்கு 38 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று முடிவு வந்தது. மணிக்கு 5 தடவைக்குள் இருந்தால் சரி. 15-லிருந்து 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் போனால் கடுமை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் இந்த நோய்க்கு "ஸ்லீப் அப்னியா" என்று பெயர்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நாம் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். நாக்கின் அடிப்பாகம் பின்னால் சாயும். உள்நாக்கும் மேல் அண்ணத்தின் மெத்தென்ற பகுதியும் காற்றில் படபடக்கும். அதுதான் குறட்டை. கழுத்தில் கொழுப்புச் சேர்ந்து வழி இன்னும் குறுகினால் முழுக்கவே அடைத்துக்கொள்ளும். ரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை பதறிப்போய் எழுப்பிவிடும், ஆனால் அது நமக்கு நினைவிருக்காது. இப்படி ராத்திரி முழுக்க நடந்தால் ரத்தக் கொதிப்பு ஏறும், இதயம் களைக்கும், பக்கவாதம் வரவும் இடமுண்டு. பகலில் தூக்கம் தள்ளும். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே யோசிக்க வேண்டுமாம். நான் தள்ளித் தள்ளித் தைத்த பட்டன் ஞாபகம் வந்தது!

வைத்தியம் ஒரு சின்ன மெஷின். மூக்கில் முகமூடி போல மாட்டிக்கொண்டால், சாதாரணக் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு ஊதித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். 1981-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன் உலகத்துக்குத் தந்த வழி இது. முதல் வாரம் அவர் பட்ட பாடு! "யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கு" என்று கழற்றி எறிவார். தினம் சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழக்கினேன். முகமூடியைத் தினமும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பேன். பத்தாம் நாள் காலையில் எழுந்தவர், "இன்னைக்குத்தான் தூங்கின மாதிரி இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா!

அப்படியானால் சீன வைத்தியம் வீண் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. மெஷின் பழகியபின் மறுபடி சின்சேயிடம் போனோம். அவர் கொடுத்தது "அர் சென் தாங்" என்ற பழைய கஷாயத்தை ஒட்டிய மருந்து. பக்குவம் செய்த பான்ஷியா கிழங்கு, சென்பி, பைன் மர வேரில் வளரும் ஃபூலிங் காளான், அதிமதுரம், இவைதான் அதில் முக்கியச் சரக்குகள். முதல் இரண்டும் பழசானால்தான் நல்லது என்பதால் "இரண்டு பழசு" என்று பெயராம். இவருக்குப் பிரஷர் இருப்பதால் அதிமதுரத்தை அடியோடு நீக்கிவிட்டுக் கொடுத்தார். பான்ஷியாவைப் பச்சையாகச் சாப்பிட்டால் விஷம். முறைப்படி சுத்தி செய்தால்தான் மருந்து. ஆகவேதான் தங்கச்சி, வருகிறவர் போகிறவரிடம் சொல்லி வாங்குகிற சரக்கு இல்லை இது. இந்த மருந்தின் பட்டியலைப் பலதுறை மருந்தகத்து டாக்டரிடமும் காட்டி, பிரஷர் மாத்திரையோடு சேருமா என்று கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன்.

ஊசியும் குத்தினார். தாடைக்குக் கீழே ஓரிடம், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஓரிடம், மூக்கின் இரண்டு பக்கமும். மூக்கோரத்து இடத்துக்கு "யிங் ஷியாங்" என்று பேர், வாசனையை வரவேற்கிற இடமாம்! அவருக்கு மூக்கடைப்பு குறைந்தது, மெஷினும் அதனால் சுலபமாகப் பொருந்தியது. குத்தூசியால் மூச்சடைப்பு குறைகிறதா என்று ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் மெஷினை விட்டுவிட்டு அதை மட்டும் நம்பலாம் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தலைமைக்கு வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பலன் தந்தது அவர் போட்ட சாப்பாட்டுச் சட்டம்தான். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள். படுப்பதற்கு முன் மூன்று மணி நேரம் ஒன்றும் கூடாது. ஐஸ் தண்ணீர், பொரித்தது, பால் தித்திப்பு குறைக்க வேண்டும். பீர் அறவே கூடாது. சாப்பிட்டபின் அரை மணி நடை. நான் பரோட்டாவை நிறுத்தி, வெள்ளைப் பூசணி சூப்பும் கேழ்வரகுத் தோசையும் ஆரம்பித்தேன். ஒன்பது மாதத்தில் ஏழு கிலோ இறங்கினார். உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சு நிற்கும் தடவைகள் ஏறக்குறைய கால் பங்கு குறையும் என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வந்த ஆராய்ச்சி ஒன்று சொல்கிறது.

ஆன்ட்டி சொல்லிக் கொடுத்த ஒரு பானத்தையும் எழுதுகிறேன். சீனப் பார்லி அரை கப் கழுவி ஊறவைத்து, ஆறு கப் தண்ணீரில் சென்பித் தோல் ஒரு துண்டோடு சேர்த்து முக்கால் மணி நேரம் சின்னத் தீயில் வேகவிடுங்கள். சர்க்கரை போடாமல் வெதுவெதுப்பாகச் சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர். வயிறு லேசாக இருக்கும். குறட்டைக்கு மருந்து என்று நினைத்துக் குடிக்காதீர்கள், தே தாரேக்குக்குப் பதிலாகக் குடியுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தப் பார்லி ஆகாது என்பது சீன வீடுகளில் உள்ள கட்டுப்பாடு.

இனி, நீங்கள் இன்று ராத்திரியே கவனிக்க வேண்டியவை:

* குறட்டை ஒரே சீராக இருந்து, பகலில் சுறுசுறுப்பாக இருந்தால், முதலில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். பழைய பனியன் முதுகில் ஒரு பை தைத்து, டென்னிஸ் பந்தைப் போட்டுவிடுங்கள். மல்லாக்கப் புரளவே முடியாது!

* குறட்டை நின்று, பத்து விநாடிக்கு மேல் மூச்சில்லாமல், பிறகு திணறலோடு வந்தால் டாக்டரிடம் போங்கள். காலைத் தலைவலி, பகல் தூக்கம், பிடிபடாத ரத்தக் கொதிப்பு, ராத்திரி பலமுறை சிறுநீருக்கு எழுவது, இவையும் இருந்தால் தாமதிக்காதீர்கள். வண்டி ஓட்டுகிறவராக இருந்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

* தூக்க மாத்திரையும் மதுவும் தொண்டையை இன்னும் தளர்த்தும். குறட்டைக்காரருக்கு இரண்டும் பகை.

* குழந்தை தினமும் குறட்டை விட்டால் "அப்பாவைப் போல" என்று சிரிக்காதீர்கள். டான்சில், மூக்குச் சதை வீக்கமாக இருக்கலாம். வாயால் மூச்சு விடும், படிப்பில் கவனம் போகும். டாக்டரிடம் காட்டுங்கள்.

* கர்ப்பகாலத்தில் புதிதாக வருகிற குறட்டையை அடுத்த சோதனையில் சொல்லிவிடுங்கள். ரத்தக் கொதிப்போடு அதற்குத் தொடர்பு இருக்கலாம்.

கடிதம் எழுதிய தங்கைக்கு ஒரு வேண்டுகோள். மருந்து தேடுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி உன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார். கைக்குழந்தைக்காக எப்படியும் விழித்திருக்கிறாய் அல்லவா, அதோடு இதுவும். என்ன எண்ணினாய் என்று எனக்கு எழுது.

இப்போது எங்கள் வீட்டில் மெஷினின் "உஸ்" என்ற சத்தம் மட்டும்தான். நானும் ஹாலிலிருந்து தலையணையோடு திரும்பி வந்துவிட்டேன். வந்த நாலாம் நாள் காலையில் என்னவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, ராத்திரி நீ குறட்டை விட்டியே தெரியுமா?"

"நானா? நானாவது குறட்டை விடுவதாவது!" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் அடக்கிக்கொண்டேன். மாதவிடாய் நிற்கிற வயது நெருங்கும்போது பெண்களுக்கும் குறட்டை வருவது அதிகமாம், வெட்கப்பட்டு நாம்தான் வெளியே சொல்வதில்லை. இன்றைக்கு ராத்திரி அவரை எண்ணச் சொல்லியிருக்கிறேன்.